துளை விழாத ஒன்பது

தகரத் தொட்டியைச் சுமந்துவந்த கூலியாட்கள் இருவரும் அதனைப் பலாமரத்தடியில் இறக்கிவைத்துவிட்டுத் தத்தம் தோளைத் தேய்த்துக்கொண்டனர். தமத்தாவேத் துறைமுகத்திலிருந்து ஒரு நாள் லாரியிலும், அதன்பின் அரை நாள் ஆற்றோரப் பாதையில் மனிதர் தோளிலும் வந்த தொட்டி அது. பாதி நீர் வழியிலேயே சிந்திப்போயிருந்தது. எஞ்சிய நீரில் நாற்பது கிழங்குகள் கிடந்தன. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று இலைகள் விட்டு, நீர்மட்டத்திற்கு மேல் தலைகாட்டாமல் உள்ளேயே சாய்ந்திருந்தது.

தொட்டியோடு வந்த ரசாஃபி, துறைமுகத்து ஏற்றுமதிக்காரரின் முகவர், மலைநாட்டு மனிதர். சப்பாத்தைக் கழற்றிக் கல்லில் தட்டி மண்ணை உதிர்த்தவாறே பேசினார்.

“பெசாரா, கிட்ட வந்து பாருப்பா. உன் கூடையில வந்த சரக்குதான். எங்கயாச்சும் ஒரு ஓட்டை இருக்கான்னு காட்டு.”

பெசாரா குனிந்தான். நீருக்குள் கைவிட்டு ஓர் இலையின் அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கினான். பின்னற்கிழங்கின் இலையில் நரம்புகளுக்கு இடையே சதை இராது. வலைபோலப் பின்னிய நரம்பு மட்டுமே இருக்கும். அடியில் வைத்த விரல் அதன் வழியே கட்டம் கட்டமாகத் தெரியும். இந்த இலையில் விரல் தெரியவில்லை.

“இளசுங்கய்யா,” என்றான். “மொத மூணு இலை இப்படித்தான் மூடி வரும். நாலாவது அஞ்சாவதுலதான் கண்ணு தொறக்கும்.”

“இதைத்தான் நானும் முதலாளிகிட்டச் சொன்னேன். அவரு கேக்கணுமே. கடல் தாண்டி இருக்கறவன் கண்ணாடித் தொட்டியில வெச்சுப் பாக்கறதுக்குச் சல்லடை இலை கேக்குறான். நாம கீரையை அனுப்பினா என்ன சொல்லுவான்?”

“கீரைன்னா எங்களுக்கே குடுத்துருங்க ஐயா, கடைஞ்சிடுறோம்,” என்றாள் மருவாவி. பெசாராவின் சிற்றப்பன் மகள் அவள், அடுத்த வீட்டுக்காரி, எவர் பேச்சிலும் தன் பேச்சை நுழைப்பவள். கூடி நின்றவர்கள் சிரித்தனர். வீட்டுப் படியில் நின்ற பெசாராவின் மனைவி சுவாவெலு மட்டும் சிரிக்கவில்லை.

“கீழாத்து லெமேனா வருஷம் பூரா என் பின்னாடியே அலையறான்,” என்றார் ரசாஃபி. “உனக்குக் குடுக்கற வேலையை அவனுக்குக் குடுன்னு. பன்னெண்டு வருஷப் பழக்கம்னு நான்தான் உனக்காகப் பேசிட்டு வந்திருக்கேன். ஒண்ணு செய். ஊர்ப் பெரியவர் முன்னாடி தண்ணிச் சத்தியம் பண்ணு. இதெல்லாம் நெசமான கிழங்குதான்னு நீ கை வெச்சுச் சொல்லிட்டா எனக்குப் போதும். தொட்டியை இன்னைக்கே திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன்.”

செந்தடி பிடித்த பெலாஹிக் கிழவர் இதற்குள் வந்து, கவிழ்த்துப்போட்ட உரலின்மேல் அமர்ந்திருந்தார். ஊருக்காக முன்னோரிடம் வாய் திறந்து பேசும் உரிமை அந்தச் சிவந்த கைத்தடி உடையவருக்கே உண்டு. அவர் பெசாராவைப் பார்த்தார்.

“பண்றியாப்பா?”

“பண்றேன் தாத்தா. ஆனா இப்ப வேணாம். இலை தொறக்கட்டும். பத்து நாள் நம்ம ஓடைத் தண்ணியில கெடந்தா தானா தொறந்துடும். எல்லாரும் கண்ணால பாத்தப்புறம் கை வைக்கிறேன்.”

இதனை அவனுடைய ரோசம் என்று ஊர் எடுத்துக்கொண்டது. ரசாஃபியும் ஒப்புக்கொண்டார். மேலாற்று ஊர்களுக்குப் போகவேண்டிய வேலை அவருக்கு இருந்தது. பத்தாம் நாள் திரும்பி வருவதாகச் சொன்னார். நாற்பதில் ஒன்று பொய்யானாலும் பெசாராவின் கூடையைத் துறைமுகத்தில் இனி எவரும் இறக்கமாட்டார்கள் என்றும், அது தன் வார்த்தையன்று, முதலாளியின் வார்த்தை என்றும் சொல்லிச் சென்றார்.

தண்ணீரில் கைவைத்துப் பொய் சொன்னால் அந்தக் கேடு சொன்னவனுக்கு வராது. அவன் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போய்விடும். அவ்வூரில் இதை அறியாதவர் இல்லை. சுவாவெலுவுக்கு இரண்டு பிள்ளைகள். அவள் படியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். நாற்பதில் ஒன்பது பின்னற்கிழங்கு அல்ல என்பதை அறிந்தவள், அவள் எண்ணத்தில், அவள் ஒருத்தியே.

அந்த ஆண்டுப் பிப்ரவரிப் புயல் மலைச்சரிவு நெல்லைப் பூத்த நிலையிலேயே படுக்கவைத்துவிட்டது. கிராம்பு மரங்களில் பாதி வேரோடு போயின. மரவள்ளி நின்ற இடத்தில் மூன்று வாரம் நீர் தேங்கி, தோண்டினால் கிழங்கு கையோடு கூழாக வந்தது. அக்டோபரில் எவர் வீட்டுக் குதிரிலும் நெல் இல்லை. லிச்சி இன்னும் பச்சைக் குண்டுமணியாக இருந்தது. ஈரப்பலாவைப் பிஞ்சிலேயே பறித்துத் தின்றுவிட்டார்கள்.

அவ்வூரில் உண்ணும் வீட்டின் கதவு திறந்தே இருக்கும். வாசலைக் கடப்பவர் எவராயினும் “வாங்க, சாப்பிடலாம்” என்று அழைத்தாகவேண்டும். கடப்பவரும் “ஆச்சு, நீங்க சாப்பிடுங்க” என்று சொல்லிப் போவார். அந்த அக்டோபரில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. மூடிய கதவுக்குப் பின்னால் என்ன வேகிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

பெசாரா மேலோடையில் மூன்று நாள் இடுப்பளவு நீரில் நின்று கிழங்கு எடுத்துவந்து, ஈரப்பாசியில் சுற்றிக் கூடையில் அடுக்கி, அடுக்களை மூலையில் வைத்துவிட்டுப் பாசி கொண்டுவர மறுபடியும் போயிருந்தான். அன்று நண்பகலில் சின்னவன் அடுப்புச் சாம்பலைத் தொட்டு நக்கிக்கொண்டிருந்ததைச் சுவாவெலு கண்டாள். மகள் ஃபாரா அவனைத் தடுக்கவில்லை. அவள் விரலிலும் சாம்பல் இருந்தது.

கூடையிலிருந்து ஒன்பது பெரிய கிழங்குகளை எடுத்தாள். துணி துவைக்கும் துறைக்குப் போய்ச் செம்மண் கரையோரம் துழாவி, அதே பருமனில் நாடாக்கிழங்கு ஒன்பது பிடுங்கி வந்தாள். அதுவும் நீருக்குள் வாழும் செடிதான். கிழங்கும் அவ்வாறே நீண்டிருக்கும். ஆனால் இலை சுருக்கம் விழுந்த நாடாவாக நீளும். என்றும் துளை விடாது. கிழங்கு நார் மிகுந்தது. பிள்ளைகள் தொண்டையில் சிக்கும். பின்னற்கிழங்கோ வெந்தால் மாவாய் உதிரும். கடைசியில் நாவில் சிறு கசப்பும் அதன்மேல் ஓர் இனிப்பும் நிற்கும். அவள் கதவைச் சாத்திக்கொண்டு வேகவைத்தாள். பானையடியில் ஒரு பிடி தவிட்டைத் தீயவிட்டாள். சோறு தீய்ந்த பானையில் நீரூற்றிக் கொதிக்கவைத்துக் குடிப்பது உண்டவர் வீட்டு வழக்கம். அந்த மணம் வேலிக்கு அப்பால் போகட்டும் என்பது அவள் கணக்கு.

மாலையில் பெசாரா வந்தபோது இரண்டு கிழங்கை அவன் முன்னும் வைத்தாள்.

“ஏது?”

“மருவாவி குடுத்தா. மலைக்கெழங்காம்.”

அவன் தின்றான். நீர் குடித்தான். விடியற்காலையில் கூடையைக் கட்டி ஆற்றுப்படகில் அனுப்பிவைத்தான்.

தொட்டி வந்த மறுநாள் முதல் இருவரும் விடிந்ததும் ஓடைக்குப் போய் ஆளுக்கு இரண்டு மூங்கிற்குழாய் நீர் கொணர்ந்தனர். பழைய நீரைச் சுரைக்குடுவையால் மொண்டெடுத்துவிட்டுப் புதுநீரை விளிம்போரமாகச் சாய்த்து ஊற்றவேண்டும். வேகமாக விழுந்தால் இலை கிழியும். இந்தச் செடிக்கு எருவோ வெயிலோ பெரிதன்று. குளிர்ந்த, ஓடுகின்ற நீர் வேண்டும். ஓடும் நீரைப் பலாமரத்தடிக்குக் கொண்டுவர முடியாதாகையால், பெசாரா நாளில் பலமுறை ஒரு விசிறிவாழை மட்டையால் நீரை மெல்லத் தள்ளிக்கொண்டே இருந்தான். வாத்துகளை விரட்டுவது ஃபாராவின் வேலை. கருகிப்போன பாசியை இலைமீதிருந்து விரல்நுனியால் வழித்தெடுப்பது சுவாவெலுவின் வேலை.

ஊர் வந்து வந்து பார்த்தது.

“என்ன மதினி, கொழந்தைய வளக்கற மாதிரி வளக்கறீங்க,” என்றாள் மருவாவி. “பேர் வெச்சாச்சா?”

“உன் பேரைத்தான் வெக்கலாம்னு இருக்கோம்,” என்றான் பெசாரா.

“என் பேரு வெச்சா வாய் ஓட்டையா இருக்கும்ணே. இலையில ஓட்டை விழாது.”

நான்காம் நாள் சிலவற்றில் நான்காவது இலை சுருள் விரித்தது. முதலில் அதன் நடுநரம்பையொட்டிக் கண்ணாடித்தாள்போல் ஒளிபுகும் புள்ளிகள் தோன்றின. ஐந்தாம் நாள் அப்புள்ளிகள் வெளுத்துச் சதை கரைந்து துளையாயின. ஆறாம் நாள் இருபதுக்கு மேற்பட்டவை கண் திறந்துவிட்டன. வெயில் சாய்வாக இறங்கும்போது தொட்டியின் அடித்தகரத்தில் அவற்றின் நிழல் கோலத்துப் புள்ளிபோல் விழுந்தது. பார்க்க வந்த கிழவர்கூட, “நெசந்தாம்பா. பிஞ்சுல மூடித்தான் வரும். நானும் மறந்துட்டேன்,” என்றார்.

ஊர் மகிழ்ந்தது. பெசாரா மகிழவில்லை. தொட்டியருகே குந்திக்கொண்டு, கண் திறந்தவற்றை விட்டுவிட்டுத் திறவாதவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவாவெலு இதனைக் கண்டாள். அவனுக்கு ஐயம் வந்துவிட்டது என்று நினைத்தாள். ஒவ்வொரு முறை அவன் தலை நிமிரும்போதும் அவள் வேறு பக்கம் திரும்பி, செய்து முடித்த வேலையை மறுபடி செய்தாள். சொல்லிவிடலாம் என்று அவள் வாய் திறந்த பொழுதெல்லாம், ‘என் பிள்ளைகள் சாம்பல் நக்கினார்கள்’ என்றும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. மூன்று நாள் நீரில் நின்று திரும்பிய மனிதனிடம் அதை எப்படிச் சொல்வது?

ஏழாம் நாள் முப்பத்தொன்று திறந்துவிட்டன. எஞ்சிய ஒன்பதும் புது இலை விட்டிருந்தன. அந்த இலைகள் குறுகி, ஓரம் சுருங்கி, துவைத்துப் பிழியாமல் போட்ட நாடாபோல் நீண்டன.

எட்டாம் நாள் கிழக்கு வெளுக்குமுன் சுவாவெலு இருட்டில் அவன் பாயைப் பாராமலே மூங்கிற்குழாயை எடுத்துக்கொண்டு, வழக்கமான துறையைத் தாண்டி, மேலோடைக்கு நடந்தாள். பாறை இடுக்குகளில் நீர் வெள்ளையாகச் சிதறும் இடம் அது. இலையோடு ஒன்பது செடி பெயர்த்துக் கொண்டுபோய், அவன் எழுவதற்குள் தொட்டியில் மாற்றிவிடவேண்டும் என்பது அவள் நினைப்பு. முன்பு பொய்யைக் கொண்டு மெய்யை மாற்றியவள், இப்போது மெய்யைக் கொண்டு பொய்யை மாற்றப் போனாள்.

புடவைத்துணியை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு நீரில் இறங்கினாள். கல்லுக்கடியில் கை கொடுத்து ஒரு செடியைப் பிடித்தாள். வேர் பாறையைக் கவ்வியிருந்தது. இழுத்தபோது கிழங்கு வரவில்லை. இலை மட்டும் வந்தது. நீருக்குள் விரிந்த வலையாக இருந்தது, வெளியே எடுத்ததும் உள்ளங்கையில் ஈர நூற்கற்றையாக ஒட்டிச் சுருண்டுகொண்டது. எத்தனை முயன்றும் அதனை மீண்டும் விரிக்க அவளால் முடியவில்லை.

மேலே பாறைக்கு அப்புறம் யாரோ இருமினார்கள்.

பெசாரா மார்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தான். அவன் கையில் கிழங்கும் வேரும் இலையுமாக மூன்று செடிகள் இருந்தன. நீருக்குள்ளேயே தாழ்த்திப் பிடித்திருந்தான்.

நீர் இரைந்துகொண்டிருந்தது.

“இங்க எங்க வந்தே?” என்றான்.

“தண்ணி மொள்ள. நீங்க?”

“குளிக்கலாம்னு.”

“இவ்வளவு தூரத்துக்கா?”

சுவாவெலு அவன் கையிலிருந்த செடிகளைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு வீட்டிலிருந்து உணவு வந்தால் மறுநாள் காலையில் அவ்வீட்டு வாசலில் நின்று நல்வார்த்தை சொல்லாமல் அவ்வூரில் எந்த ஆண்மகனும் வேலைக்குப் போகமாட்டான். பெசாரா அதில் ஒரு நாளும் தவறியதில்லை.

“ஃபாராவோட அப்பா,” என்றாள். “மலைக்கெழங்கு குடுத்ததுக்கு மருவாவிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லவே இல்ல.”

“இல்ல.”

“ஏன்?”

“பன்னெண்டு வருஷமா தொட்டுப் பாத்து, மோந்து பாத்து, கடிச்சுப் பாத்து எடுக்கறவன் நான். வாயில வெச்சதும் தெரியாதா?”

அவள் பாறையைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரிஞ்சும் தின்னீங்களா?”

“பசிச்சுது.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டா நீ சொல்லுவே. நீ சொன்னா நான் என்னன்னு பதில் சொல்றது? வீட்ல ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுதானே விட்டுட்டுப் போனேன். வர்றப்பவே தவிடு கருகற வாசனை வந்துச்சு. சோறு கருகற வாசனைக்கும் தவிட்டு வாசனைக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்?”

சுவாவெலுவின் முகம் எரிந்தது. அந்த மணத்தை ஊர் நம்பியிருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

“அப்ப கூடை?”

“விடியறப்ப பிரிச்சுப் பாத்தேன். ஒம்போதையும் கையில எடுத்தேன். எடுத்துத் தூக்கிப் போட்டிருந்தா உன்கிட்டக் கேட்டாகணும். அதனால திரும்ப அடுக்கிக் கட்டினேன். அவங்க எங்க கண்டுபிடிக்கப் போறாங்கன்னு நெனச்சேன்.”

“சத்தியம் இப்ப வேணாம்னு சொன்னது அதுக்குத்தானா?”

“ஆமா.”

அவன் கையிலிருந்த மூன்று செடிகளையும் பார்த்தான். “இதைக் கொண்டுபோய் வெச்சாலும் ஆகாது. இது பழுத்த இலை; அது பிஞ்சு. ரசாஃபிக்குத் தெரியாது. பெலாஹித் தாத்தாவுக்குத் தெரிஞ்சுடும்.” நீருக்குள்ளேயே விரல்களை விரித்தான். செடிகள் இரண்டு சுழி சுழன்று, பாறையைச் சுற்றிக்கொண்டு போயின.

திரும்பும் வழியில் அவன் முன்னும் அவள் பின்னுமாக நடந்தனர். குழாயில் நீர் நிரப்ப இருவருமே மறந்துவிட்டிருந்தனர். வீட்டருகே வந்தபின் மறுபடி துறைக்குப் போக நேர்ந்தது.

பத்தாம் நாள் ரசாஃபி வந்தபோது ஊர் முழுவதும் பலாமரத்தடியில் இருந்தது. ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் ஒருபுறமும் உட்கார்ந்தனர். தொட்டியை எட்டிப்பார்த்த ரசாஃபியின் முகம் மலர்ந்தது.

“அட, தொறந்துடுச்சே. நான் சொன்னேன்ல, பெசாரா பொய் சொல்ல மாட்டான்னு.” பிறகு குனிந்து பார்த்தார். “இந்த ஓரத்துல இருக்கறது என்ன, இன்னும் தூங்குது?”

பெலாஹிக் கிழவர் அவற்றை ஏற்கெனவே பார்த்திருந்தார். புதுப்பானையில் நீர் வைக்கப்பட்டிருந்தது. முன்னோர் கல்லறை மண்ணில் ஒரு சிட்டிகை அதில் கலந்திருந்தது. கிழவர் சத்தியத்துக்கென்று கொணர்ந்த ஈட்டியின் காம்பால் நீரை மூன்று முறை அடித்தார். தெறித்த துளிகள் முன்வரிசையில் இருந்தவர்மேல் விழ, அவர்கள் அதைத் துடைக்காமல் இருந்தார்கள்.

“பெசாரா, இந்த நாப்பதும் நெசமான பின்னற்கெழங்குன்னு சொல்றியா? சொல்றதா இருந்தா கைய வை. பொய்யா இருந்தா இந்தத் தண்ணி உன் புள்ளைங்க வயித்துல கல்லாயிடும்.”

பெசாரா பானை விளிம்புவரை கையைக் கொண்டுபோனான்.

“முப்பத்தொண்ணுக்கு வைக்கிறேன் தாத்தா. ஒம்போதுக்கு வைக்க மாட்டேன்.”

ரசாஃபி நிமிர்ந்தார். “அப்ப உனக்குத் தெரியும்?”

“தெரியும்.”

“இப்பத் தெரிஞ்சுதா, கட்டும்போதே தெரியுமா?”

“கட்டும்போதே.”

ஆண்கள் பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. ரசாஃபி தலையை ஆட்டிக்கொண்டார். “லெமேனா அப்பவே சொன்னான். பெசாரா நல்ல சரக்குல கொஞ்சத்தை வேற கைக்கு மாத்திவிடறான்னு. நான்தான் நம்பல. யாருக்குய்யா வித்தே அந்த ஒம்போதையும்?”

பெசாரா நிலத்தைப் பார்த்தான்.

“வித்துட்டேன்,” என்றான். “யாருக்குன்னு கேக்காதீங்க.”

“பெசாரா,” என்றார் கிழவர், “தண்ணி பக்கத்துல இருக்கு. பாத்துப் பேசு.”

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. விரல்நுனி ஈரத்தைத் தொடும் தொலைவில் இருந்தது. வயிறு காய்ந்தவன் என்ற பெயரைவிடத் திருடன் என்ற பெயர் அவனுக்குச் சுமக்க எளிதாயிருந்தது போலும். பெண்கள் கூட்டத்திலிருந்து சுவாவெலு எழுந்தாள். சபையில் அவள் அதுவரை பேசியதில்லை.

“விக்கல,” என்றாள். “தின்னுட்டோம்.”

ரசாஃபி அவளை விளங்காமல் பார்த்தார்.

“நான்தான் எடுத்தேன். அவரு ஊர்ல இல்ல. புள்ளைங்களுக்கு வேகவெச்சுக் குடுத்தேன். அவருக்கும் வெச்சேன். எடுத்த எடத்துல நாடாக்கெழங்கைப் போட்டு வெச்சேன். அவரு விக்கல.”

“தின்னீங்களா?” என்றார் ரசாஃபி. அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. “இதையா? ஏம்மா, சீமையில இந்த ஒரு செடிக்குத் தனி விளக்கு போட்டு வெச்சிருக்கான். நாள் பூரா முன்னாடி உக்காந்து பாத்துட்டிருக்கான். அதைப் போய் வேகவெச்சு…” கூலியாட்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் சிரிக்கவில்லை. வேறு எவரும் சிரிக்கவில்லை. மருவாவிகூட ஒன்றும் சொல்லவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தொட்டியைப் பார்த்தபடி இருந்தாள். அவ்வளவு பேர் கூடியிருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை; எல்லாரும் அந்தத் தொட்டி நீரையே பார்த்தனர். ரசாஃபியின் சிரிப்பு தானே அடங்கிற்று.

பெசாரா பானையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

முகவர் தாமே குனிந்து ஒன்பது செடிகளையும் பொறுக்கிப் புல்மீது வைத்தார். “முப்பத்தொண்ணையும் எடுத்துட்டுப் போறேன். அடுத்த தடவைக்கு… லெமேனாகிட்டச் சொல்லிட்டுத்தான் போகணும். என் கையில இல்ல, பெசாரா.”

“சரிங்கய்யா.”

“ஐயா,” என்றாள் சுவாவெலு. வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பும் வழக்கம் அவ்வீட்டில் இல்லை. அன்றைக்கென்று கிழவர் வீட்டிலிருந்து கைமாற்றாக ஒரு குவளை அரிசி வாங்கிப் பொங்கி, வாழையிலையால் மூடி வைத்திருந்தாள். “ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க. ஆக்கி வெச்சிருக்கேன்.”

ரசாஃபி வீட்டைப் பார்த்தார். படியில் நின்ற இரு பிள்ளைகளையும் பார்த்தார். நல்ல மனிதர்தாம். குரலைத் தணித்துக்கொண்டுதான் சொன்னார்.

“வேணாம்மா. இருக்கறது உங்களுக்கே பத்தாது. புள்ளைங்களுக்குப் போடு.”

அவர் பாதையில் இறங்கிப் போகும்வரை சுவாவெலு நின்ற இடத்திலேயே நின்றாள். பன்னிரண்டு ஆண்டுகளில் அவ்வீட்டுச் சோற்றை வேண்டாம் என்று சொன்னவர் எவருமில்லை. வேலை கீழாற்று லெமேனாவின் கைக்குப் போவதைக் கேட்டபோது குனியாத அவள் தலை இதற்குக் குனிந்தது. ஊர் ஓசையின்றிக் கலைந்தது. கிழவர் பானை நீரைக் கொண்டுபோய் ஓடையில் ஊற்றிவிட்டு வந்து, பெசாராவின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

பிள்ளைகள் சோற்றைத் தின்றனர். பிற்பகலில் சுவாவெலு முற்றத்துக்குப் போய், புல்மீது வாடிக்கிடந்த ஒன்பதையும் பொறுக்கினாள். இலைகளைக் கிள்ளி எறிந்தாள். வேரை அரிந்து, தோலைச் சீவி, அடுப்பேற்றினாள். கதவைச் சாத்தக் கை நீண்டது. பாதியில் நின்றது. திறந்தபடியே விட்டுவிட்டு வந்து அடுப்பின்முன் குந்தினாள். புகை வாசல்வழியே முற்றத்துக்குப் போயிற்று.

பெசாரா தட்டின்முன் உட்கார்ந்து ஒன்றைக் கடித்து நெடுநேரம் மென்றான்.

“நார்,” என்றான்.

“தெரியும்.”

வாசலில் நிழல் விழுந்தது. மருவாவி போய்க்கொண்டிருந்தவள் நின்றிருந்தாள். சுவாவெலுவுக்கு அழைப்பதற்கு நா எழவில்லை. காலையில் ஒருவர் வேண்டாம் என்று போன வீடு அது. பெசாரா தட்டைப் பார்த்தபடியே, “வா, சாப்பிடலாம்,” என்றான்.

“ஆச்சு, நீங்க சாப்பிடுங்க,” என்று சொல்லிக் கடந்து போவதே முறை. மருவாவி கடந்து போகவில்லை. படியேறி உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து, பானையை எட்டிப்பார்த்தாள்.

“எனக்கும் ஒண்ணு வை மதினி.”

சுவாவெலு வைத்தாள். மருவாவி ஊதித் தின்றாள். பற்களிடையே சிக்கிய நாரை இரண்டு விரலால் இழுத்தெடுத்து, வாசற்பக்கம் சுண்டினாள்.

“போன மாசம் எங்க வீட்ல கதவைச் சாத்திட்டுத் தின்னது இவ்வளவு நாரா இல்ல,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இருவர் முகத்தையும் பார்க்காமல், இரண்டாவதற்குத் தட்டை நீட்டினாள்.